இரண்டு டாலர் மாலை

காமினிக்குக் காது குத்தியது தங்கராஜுவின் மடியில். அப்போது அவளுக்கு ஒன்பது மாதம். பெற்றவள் ஜெயலெட்சுமிக்குக் கூடப்பிறந்த தம்பி யுகேந்திரன் கல்லுக்குண்டு மாதிரி இருக்கும்போதே, சித்தப்பா மகன் தங்கராஜு மடி கொடுக்க வேண்டியதாகிவிட்டது. அதற்கு முந்தின வாரம்தான் யுகேந்திரன் முதல் கப்பல் ஏறியிருந்தான். காமினி பெரியவளானபோது தட்டு வரிசையோடு சீர் கொண்டுவந்ததும் தங்கராஜு. அந்நேரம் யுகேந்திரன் அலாஸ்கா பக்கம், பனிமலை பார்க்க வந்தவர்களின் மெத்தை விரிப்பை உதறிக்கொண்டிருந்தான். யுகேந்திரனைப் பெற்ற தாய்க்குக் கொள்ளி வைத்ததும் தங்கராஜுதான். கொரோனாக் காலம். ஆட்களை இறக்க விடாமல் கப்பல் மணிலாவுக்கு வெளியே நங்கூரம் போட்டு எழுபது நாள் நின்றது. கைப்பேசியில் பார்த்தான். பாதியில் சிக்னல் போய்விட்டது.

அண்ணன் தம்பி இரண்டு பேர் பெற்ற பிள்ளைகள் இவர்கள். மூத்தவருக்கு ஜெயலெட்சுமியும் யுகேந்திரனும். இளையவருக்குத் தங்கராஜு ஒருவன்தான், ஆனால் வயதில் மூன்று பேரிலும் மூத்தவன். பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கு என்கிற இடத்தில் ஒரே அடுக்குமாடியில், ஒரே மாடியில், எதிரும் புதிருமாக வளர்ந்தார்கள். தங்கராஜு லோரி ஓட்டி, பிறகு சொந்தமாக இரண்டு லோரி வாங்கினான். நல்ல மனுஷன். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் யுகேந்திரனுக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும், கோபப்படவாவது ஆள் கிடைத்திருக்கும்.

யுகேந்திரன் பத்து பிரிங்கி கடற்கரையில் ஒரு ஹோட்டலில் அறை துடைத்துக்கொண்டிருந்தவன். இருபத்து நாலு வயதில் ஏஜெண்டுக்குக் காசு கட்டிக் கப்பலுக்குப் போனான். போன இடத்திலும் அறை துடைக்கிற வேலைதான். பதினெட்டு அறை, காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. துண்டை மடித்து யானை செய்வான், குரங்கு செய்வான், அன்னம் செய்வான். ஒன்பது மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. அந்த இரண்டு மாதத்தில் எந்த நல்ல காரியமும் வந்து விழாது, அது அவன் ஜாதகம். பட்டர்வொர்த்தில் ஒரு பெண்ணைப் பேசி வைத்தார்கள். அவள் ஒரு காண்டிராக்ட் முழுக்கக் காத்திருந்தாள், இரண்டாவதில் பாதி காத்திருந்தாள், அப்புறம் ஒரு பேங்க் பையனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அத்தோடு கல்யாணப் பேச்சு நின்றது. இப்போது அவனுக்கு நாற்பத்தேழு.

தனக்கென்று குடும்பம் இல்லாதவனுக்கு ஒட்டிக்கொள்ள இருந்தது ஒரே ஒரு உறவு, தாய்மாமன் என்கிற உறவு. காமினி ஒரே மருமகள். அவளுக்குக் கீழே ஒரு தம்பி உண்டு, ஆனால் அவர்கள் வீட்டில் மாமன் சீர் பெண்ணுக்குத்தான். அவளுக்குச் செய்யவேண்டிய மூன்றில் இரண்டு போய்விட்டது. மிச்சம் இருந்தது கல்யாணம். முகூர்த்தத்துக்கு முன்னால் பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்ட வேண்டும். அதையாவது தன் கையால் கட்டிவிட வேண்டும் என்று ஏழு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தான்.

ஏழு வருடம் என்று ஏன் கணக்குச் சொல்கிறேன் என்றால், அந்த டாலர் சேர்க்க ஆரம்பித்தது அப்போதுதான்.

கப்பலில் வரும் அமெரிக்கக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்கும் டிப்ஸ் வேறு. அது கணக்கில் போய்விடும். கையில் கொடுக்கிற டிப்ஸ் வேறு. அந்தக் கையில் கொடுப்பதை மறக்கமுடியாதபடி கொடுக்கவேண்டும் என்று சிலருக்கு ஆசை. ஒருத்தர் அரை டாலர் வெள்ளைக்காசைத் தலையணையில் வரிசையாக அடுக்கி வைப்பார். ஒருத்தர் மஞ்சள் நிறத்து ஒரு டாலர் காசை உறையில் போட்டுக் குலுக்குவார். பெரும்பாலானவர்கள் கொடுப்பது இரண்டு டாலர் நோட்டு. அவர்கள் ஊரிலேயே அது கடையில் அவ்வளவாகப் புழங்குவதில்லையாம். கப்பல் ஏறுவதற்கு முன்னால் பேங்கில் சொல்லிவைத்து, கட்டாக வாங்கி வருவார்கள். "லக்கி" என்று சொல்லிக் கையை அமுக்கிக் கொடுப்பார்கள். கொடுக்கிறவர்கள் முகத்தில் இருக்கும் சந்தோஷத்தைப் பார்த்தால் இது வேண்டாம், சாதாரண அஞ்சு டாலரே கொடுங்கள் என்று சொல்ல வாய் வராது.

கூட வேலை செய்பவர்கள் அமெரிக்கத் துறைமுகங்களில் இறங்கி அதைச் செலவழித்துவிடுவார்கள். யுகேந்திரன் மட்டும் செலவழிக்கவில்லை. ராசி என்றுதானே கொடுக்கிறார்கள், ராசியைச் சோப்புக்கும் போன் கார்டுக்கும் கொடுப்பானேன், காமினி கல்யாணத்துக்கு இருக்கட்டும் என்று ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தான். நூற்று எண்பத்தாறு நோட்டு சேர்ந்தது. அப்புறம் கப்பல் ஆசியாப் பக்கம் வந்துவிட்டது. அமெரிக்கா கடல் தாண்டிப் போய்விட்டது, நோட்டு டின்னிலேயே தங்கிவிட்டது. டாலர் டாலர்தானே, பினாங்கில் மாற்றிக்கொண்டால் போயிற்று என்று நினைத்தான்.

கல்யாணத் தேதியைச் சொல்ல ஜெயலெட்சுமி போன் போட்டபோது அவனுக்கு நம்பவே முடியவில்லை. அன்றைக்குக் கப்பல் பினாங்கில். காலை ஏழு மணிக்குக் கட்டி, சாயங்காலம் நாலு மணிக்கு அவிழ்க்கும்.

"அக்கா, சாமி மேல சத்தியமா சொல்றேன், அன்னிக்கு நான் ஜார்ஜ்டவுன்லதான் இருப்பேன்!"

"எத்தனை தடவ இப்படிச் சொல்லியிருக்கே, தம்பி?"

"இந்தத் தடவ கப்பலே வருது அக்கா. நான் வராட்டியும் கப்பல் வரும்."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டாள். "பத்தரைக்கு முகூர்த்தம் ஆரம்பம். பன்னெண்டுக்குள்ள தாலி கட்டணும். நீதான் பட்டம் கட்டணும். ஆனா வெறுங்கையோட வந்து நிக்காத. மாப்பிள்ளை வீட்டுல எல்லாத்தையும் பாக்கறாங்க. ஒரு கிராம் தங்கத்துல தகடு மாதிரி பட்டம் பண்ணி லெபோ பாசார் நகைக்கடையிலயே வச்சிருக்கான். ஒரு பட்டுப்புடவை, பழத்தட்டு. அது போதும்."

மண்டபத்து வாடகையும் சாப்பாட்டுச் செலவும் ஏற்கெனவே அவன் அனுப்பிய சம்பளக் காசுதான். அது ஜெயலெட்சுமிக்கும் அவள் புருஷன் குகனுக்கும் மட்டும் தெரியும். மச்சான் காசில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தான் என்று நாலு பேர் பேசக்கூடாது என்று குகன் கேட்டுக்கொண்டான். யுகேந்திரனும் சரி என்றான். மண்டபத்தைத் தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு சபையில் நடக்க முடியாது. பட்டத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். அவனுக்கு அது போதும்.

பட்டத்துக்கும் புடவைக்கும் என்று இருபது டாலர் நோட்டாகப் பத்து தனியே வைத்திருந்தான். டின்னில் இருப்பதை மாற்றி மருமகள் கையில் ரொக்கமாகக் கொடுப்பது என்று கணக்கு.

பினாங்குக்கு முதல் நாள் காலையில் பெயர்ப் பட்டியல் ஒட்டினார்கள். கப்பல் கரையில் கட்டியிருந்தாலும் தீ கீ பிடித்தால் பார்க்க ஆள் வேண்டும் என்று, மூன்றில் ஒரு பங்கு பேர் இறங்கக்கூடாது. முறை வைத்துப் பெயர் போடுவார்கள். யுகேந்திரன் பெயர் இருந்தது.

அவன் அறையில் கூடத் தங்கியிருந்தவன் இல்ஹாம், சுராபாயாக்காரன். நாலு வருடமாக மேல் கட்டில் அவன், கீழ்க் கட்டில் இவன். இல்ஹாம் மட்டும்தான் முறையை மாற்றிக்கொள்ள ஒத்துக்கொண்டான். ஆனால் அவன் ஒரு மாதமாகக் கரையில் கால் வைக்கவில்லை. அதோடு இவனுடைய பதினெட்டு அறையையும் அவன்தான் துடைக்க வேண்டும். இருநூறு டாலர் கேட்டான். கேட்கும்போது இவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுக்கும் ஊரில் மூன்று பிள்ளைகள். யுகேந்திரன் பத்து நோட்டையும் எண்ணிக் கொடுத்தான். டின் இருக்கிறதே என்கிற தைரியம்.

மறுநாள் எட்டரை மணிக்கு இறங்கினான். இரண்டரைக்குள் ஏறிவிட வேண்டும். வெள்ளைச் சட்டை, வேட்டி, தோளில் பை, பைக்குள் டின். சட்டைப்பையில் மலேசியக் காசு எண்பது வெள்ளி.

காசு மாற்றும் கடைக்காரரை எல்லோரும் ஜபருல்லா நானா என்பார்கள். அவர் ஒன்பதரைக்குத்தான் கதவைத் தூக்கினார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாற்பது வருடமாக இருக்கிற கடை. யுகேந்திரன் அரை மணி நேரமாக வாசலில் நின்றிருந்தான்.

"என்ன தம்பி, கல்யாண மாப்பிள்ளையா? கடை தொறக்கறதுக்கு முன்னாலயே நிக்கிறீங்க."

"மாப்பிள்ளை இல்ல நானா, மாமன்."

"அதுவும் பெரிய வேலைதான். குடுங்க."

டின்னைத் திறந்து கட்டை நீட்டினான். ஜபருல்லா மேல் நோட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், விரலால் தடவினார், அடுத்ததைப் பார்த்தார், கட்டை விசிறி மாதிரி விரித்தார். பிறகு கண்ணாடிக்கு அடியில் திருப்பித் தள்ளினார்.

"இது எடுக்கிறதில்ல தம்பி."

"ஒரிஜினல் நானா! அமெரிக்கக்காரன் கையால வாங்கினது."

"ஒரிஜினல் இல்லன்னு நான் சொன்னேனா? நல்ல காசுதான். நான் எடுத்து யாருக்குக் குடுக்கறது, அதச் சொல்லுங்க. மொத்தமா வாங்குறவன் அம்பது, நூறு மட்டும்தான் எடுப்பான். அதுலயும் ஒரு மடிப்பு இருந்தா மூஞ்சியச் சுளிப்பான். ஒரு டாலரே நாங்க எடுக்கிறதில்ல. இது ரெண்டு. எத்தனை வச்சிருக்கீங்க?"

"நூத்தி எம்பத்தாறு."

"யா அல்லாஹ். இவ்வளவு ராசியை ஒரே ஆள் தலையில கட்டிட்டாங்களே!"

யுகேந்திரனுக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் குறைத்தாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினான். மருமகள் கல்யாணம், இன்னும் ஒரு மணி நேரம், பட்டம் வாங்க வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னான். ஜபருல்லா கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் தன் சட்டைப்பையிலிருந்து இருபது வெள்ளி எடுத்து வைத்து, இரண்டு நோட்டை உருவிக்கொண்டார்.

"இது கடைக் காசு இல்ல, என் காசு. பேரப்பிள்ளைங்களுக்கு ஒண்ணு ஒண்ணு. மத்தத எடுக்க எனக்கு வழியில்ல தம்பி. மனசுல வச்சுக்காதீங்க. முன்னுக்கு இன்னொரு கடை இருக்கு, கேட்டுப் பாருங்க."

முன்னால் இருந்த கடையில் ஒரு பையன். டாலருக்கு ஒரு வெள்ளி என்றால் எடுத்துக்கொள்கிறேன் என்றான். வெளியே பலகையில் நாலு வெள்ளி சொச்சம் என்று எழுதியிருந்தது.

"ஒரு வெள்ளியா? பகல் கொள்ளையா இருக்கே லா!"

"வேணாம்னா போங்க அண்ணே. நான் கூப்புடலையே."

யுகேந்திரன் டின்னைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தான். இங்கேதான் புத்தி தடுமாறியது. அந்த முந்நூற்றுச் சொச்சம் வெள்ளியை வாங்கியிருந்தால் பட்டம் இல்லாவிட்டாலும் ஒரு பட்டுப்புடவையும் பழத்தட்டுமாவது தேறியிருக்கும். ஏழு வருடம் சேர்த்ததைக் கால் விலைக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அவசரத்தில் இருப்பவனுக்கு ரோஷம் வரக்கூடாது. அவனுக்கு வந்தது.

லெபோ பாசாரில் பூக்கடை வைத்திருந்த துளசி, வேட்டியும் பையுமாக வெயிலில் முழித்துக்கொண்டு நிற்பவனைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"அண்ணே, மாலையா? ரெடியா இருக்கு, வாங்க."

கடையின் முன்னால் பணமாலை தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளி நோட்டை விசிறி விசிறியாக மடித்து, நடுவில் ஜரிகைப் பூ வைத்துக் கோத்தது. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் போட உறவுக்காரர்கள் சொல்லிச் செய்வது. யுகேந்திரன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நோட்டு நான் குடுத்தா கட்டித் தருவீங்களா?"

"அதுக்கென்ன, கூலி குடுத்தா கட்டுவேன்."

டின்னைத் திறந்தான். துளசி ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இது எந்த ஊர் காசு அண்ணே? இப்படி ஒண்ணு நான் பாத்ததே இல்ல."

"அமெரிக்கா."

"ஓ, டாலரா! அடேயப்பா, அப்ப பெரிய இடம்." அவள் மடிக்க ஆரம்பித்தாள். அவளும் அவள் தங்கையுமாக வேகமாகத்தான் கட்டினார்கள். இருந்தாலும் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. கட்டி முடித்துத் தூக்கிப் பிடித்தபோது மாலை முழங்கால் வரைக்கும் வந்தது. பச்சையும் சாம்பலுமாக, நடுவில் சிவப்பு ரிப்பன். யுகேந்திரனுக்கு மனசு லேசாயிற்று. தங்கராஜு மூன்று கிராமில் பட்டம் வாங்கினாலும் இந்த மாதிரி ஒரு மாலை அவனால் கொண்டுவர முடியாது.

ஐம்பது வெள்ளி கூலி. மிச்சத்தில் வாடகைக் காடி பிடித்து மண்டபத்துக்குப் போனான்.

சுங்கை பினாங்கில் கோயிலை ஒட்டிய மண்டபம். போய் இறங்கும்போது மணி பதினொன்றேகால். நாதஸ்வரம் வெளியே வரை கேட்டது. வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த குகன் ஓடி வந்தான்.

"வாங்க மச்சான், வாங்க. என்ன இவ்வளவு லேட்டு? தட்டு எங்க?"

"தட்டு இல்ல மாமா. வேற கொண்டாந்திருக்கேன்."

குகன் பையைப் பார்த்தான். உள்ளே கூட்டிக்கொண்டு போனான். காமினி மணவறையில் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை இன்னும் வரவில்லை. பட்டம் கட்டினால்தான் அடுத்த காரியம். ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணவறைக்குப் பக்கத்தில் பட்டு வேட்டியோடு தங்கராஜு நின்றிருந்தான். அவன் கையில் தட்டு. தட்டில் புடவை, பழம், வெற்றிலை, மேலே சிவப்புப் பெட்டியில் பட்டம்.

"வாடா கப்பக்காரா!" தங்கராஜு முகமெல்லாம் சிரிப்பாகக் கூப்பிட்டான். "பசியாறிட்டியா? நீ வரலன்னா என்ன பண்றது, எதுக்கும் இருக்கட்டும்னு வாங்கி வச்சேன் லா. இப்ப நீ வந்துட்டே. இந்தா, நீ புடி. நீயே கட்டு."

ஜெயலெட்சுமி ஓடி வந்து தம்பி கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. "கட்டு தம்பி. எல்லாம் நம்ம வீட்டுக் காசுதானே. யாரு வாங்கினா என்ன."

தட்டை வாங்கிக்கொண்டு பட்டத்தைக் கட்டியிருந்தால் இந்தக் கதை அங்கேயே நல்லபடியாக முடிந்திருக்கும். இன்னொருத்தன் வாங்கிய பட்டத்தை வெறுங்கையில் வாங்கிக் கட்டுவதா? இதையும் தங்கராஜு கொடுத்துத்தான் நான் மாமனாக வேண்டுமா? அந்த ஒரு நினைப்பு அவனைப் பிடித்துக்கொண்டது.

"கட்டுறேன் அண்ணே. என் கையால கொண்டாந்தத மொதல்ல போட்டுட்டு, அப்புறம் கட்டுறேன்."

பையிலிருந்து மாலையை எடுத்தான். சபை நிமிர்ந்து பார்த்தது. மைக்கில் அறிவிப்பு சொல்லிக்கொண்டிருந்தவர் சும்மா இருப்பாரா? "பெண்ணின் தாய்மாமன் யுகேந்திரன் அவர்கள், அமெரிக்க டாலரில் மாலை அணிவிக்கிறார்!" என்று முழங்கினார். கைதட்டினார்கள். காமினி தலை குனிந்தாள். அவன் மாலையைப் போட்டான். அந்தக் கைதட்டலைக் கேட்டபோது இருபத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவன் அந்தச் சபையில் ஒருவனாக நின்றான். அது ஒரு நிமிஷம் இருந்திருக்கும்.

மாப்பிள்ளையின் தாய் ஜெகதீஸ்வரி முதல் வரிசையில் இருந்து எழுந்து வந்தாள். ஆசையாகத்தான் வந்தாள். மாலையில் ஒரு நோட்டை விரலால் நிமிர்த்திப் பார்த்தாள். கண்ணை இடுக்கிக்கொண்டு இன்னொன்றைப் பார்த்தாள்.

"ரெண்டா? டாலர்ல ரெண்டுன்னு இருக்கா என்ன?"

"இருக்குங்க. லக்கி நோட்டு," என்றான் யுகேந்திரன்.

"நம்ம ஊருலயே ரெண்டு வெள்ளி நோட்டு இல்லாமப் போய் எத்தனை வருசம் ஆச்சு." அவள் குரல் மாறிவிட்டது. பக்கத்தில் நின்ற தன் அக்காவைப் பார்த்தாள். அந்த அக்கா வீட்டுக்குக் கீழே சீனர் சாமிக்கடை. ஊதுவத்தி, செத்தவர்களுக்குக் கொளுத்தும் தாள் வீடு, தாள் காடி, கட்டுக் கட்டாகத் தாள் காசு. அந்தக் காசும் டாலர் மாதிரியேதான் அச்சடித்திருக்கும், அதே பச்சை, நடுவில் ஒரு பெரியவர் படம். அக்கா ஒரே பார்வை பார்த்தாள். வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, இது பேய்க்காசு லா! சீனங்க செத்தவங்களுக்குக் கொளுத்துவாங்களே, அது! பொண்ணு கழுத்துல போட்டுட்டானே!"

காட்டில் தீ பிடிப்பது போலத்தான். முதல் வரிசை சொல்ல இரண்டாவது வரிசை கேட்டது. பின்வரிசைக்குப் போய்ச் சேரும்போது, கப்பல்காரன் பிணக்காசை மாலையாகக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான் என்று ஆகிவிட்டது. நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தினார். அவர் நிறுத்தியிருக்கவே கூடாது.

"இல்லங்க! நல்ல காசுங்க! அமெரிக்கா பேங்க் காசு!" யுகேந்திரன் கத்தினான். "ஏழு வருசமா என் கையால சேத்தது. கப்பல்ல டிப்ஸா குடுத்தாங்க!"

"பிச்ச போட்ட காசையா கல்யாணப் பொண்ணுக்குப் போடறாரு?" என்று ஒரு குரல் எங்கிருந்தோ வந்தது. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

மாப்பிள்ளையின் தம்பி கைப்பேசியில் தேடிப் பார்த்தான். "அம்மா, அவர் சொல்றது உண்மைதான். ரெண்டு டாலர் நோட்டு இருக்கு. இதுதான்," என்று படத்தைக் காட்டினான்.

ஜெகதீஸ்வரி படத்தைப் பார்த்தாள். அவள் கெட்டவள் இல்லை. பயந்துபோயிருந்தாள். "இருக்கட்டும்பா. நல்ல காசாவே இருக்கட்டும். முந்நூறு பேரு வாயில அந்தப் பேச்சு வந்துருச்சே. தாலி ஏறுற கழுத்துல அது இருக்கக்கூடாது. கழட்டச் சொல்லுங்க. மஞ்சத் தண்ணி தெளிங்க. பட்டத்த வேற யாராச்சும் கட்டட்டும்."

ஐயர் மணியைக் காட்டினார். பதினொன்று நாற்பது.

எல்லோரும் ஜெயலெட்சுமியைப் பார்த்தார்கள். அவள் தம்பியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். தம்பிக்காகப் பேசினால் மகள் நாளைக்கு அந்த வீட்டில் வாழவேண்டும். மகளுக்காகப் பேசினால் தம்பி இரண்டரைக்குக் கப்பல் ஏறிவிடுவான். யாருக்காகப் பேசினாலும் ஒன்று போகத்தான் போகிறது. அவள் மணவறையில் ஏறி மகள் கழுத்திலிருந்து மாலையைத் தானே கழற்றினாள். மல்லிகைச் சரத்தில் ஒரு ஊசி மாட்டிக்கொண்டது. பொறுமையாக எடுத்தாள்.

தங்கராஜு தட்டோடு அப்படியே நின்றான். "தம்பி கட்டட்டும் லா. நான் எதுக்கு? நான் சொல்றேன் அவங்ககிட்ட," என்றான். உண்மையாகத்தான் சொன்னான்.

அப்போது காமினி தலையை நிமிர்த்தினாள். அவளுக்கு யுகேந்திரன் எப்போதும் கப்பல் மாமா. தங்கராஜு வெறும் மாமா. சின்னப் பிள்ளையிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம்.

"கப்பல் மாமா," என்றாள் மெதுவாக. "தப்பா எடுத்துக்காதீங்க. டைம் ஆயிருச்சு. மாமாவே கட்டட்டும்."

அவன் தலையை ஆட்டினான். விலகி நின்றான். தங்கராஜு பட்டத்தைக் கட்டினான். ஜெயலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு குலவையிட்டாள். பதினொன்று ஐம்பத்தைந்துக்குத் தாலி ஏறியது.

பந்தியில் குகன் அவனைக் கையைப் பிடித்து உட்காரவைத்தான். இலையில் எல்லாம் வைத்தார்கள். அவனுக்கு இந்தப் பக்கம் இருந்தவர் ஈப்போவிலிருந்து வந்தவர், மாப்பிள்ளைக்கு ஏதோ வழியில் பெரியப்பா. "நீங்க யாரு வகை?" என்று கேட்டார். "பொண்ணு வகை," என்றான். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. ரசம் கேட்டு வாங்கினார்.

கழற்றிய மாலையை யாரோ நாற்காலி மேல் போட்டிருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் அதை இழுத்துக்கொண்டு போய், மேடைக்குப் பின்னால் பிரித்து ஆளுக்குக் கொஞ்சமாக வைத்துக்கொண்டு கடை விளையாட்டு விளையாடின. ஒருத்தி தக்காளி விற்றாள். இன்னொருவன் இரண்டு டாலருக்கு ஒரு யானை வாங்கினான். பெரியவர்கள் பார்த்தார்கள். ஒருவரும் தடுக்கவில்லை. யுகேந்திரனும் தடுக்கவில்லை. கை கழுவிவிட்டு அவர்களைத் தாண்டி நடந்தான்.

ஒன்றரைக்குக் கிளம்பினான். ஜெயலெட்சுமி ஒரு பொங்குஸ் சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தாள். கைப்பேசியில் காடி வர ஆறு நிமிஷம் என்று காட்டியது. வெயில் சுள்ளென்று அடித்தது. இரண்டு பேரும் கோயில் மதில் நிழலில் நின்றார்கள்.

"ஒனக்காவது தெரியும்ல அக்கா, அது நல்ல காசுன்னு?"

"தெரியும்."

"அப்ப சொல்லியிருக்கலாம்ல."

"மண்டபக் காசையே சொல்ல முடியல. இதையா சொல்லப் போறேன்?" அவள் சாப்பாட்டுப் பையின் முடிச்சைச் சரிபார்த்தாள். "அண்ணன் பாவம்டா. ஒம்மேல கோவம் இல்ல அவருக்கு. அழுதுட்டாரு."

"எனக்கும் அவரு மேல கோவம் இல்ல."

"தெரியும்."

அவன் பிப்ரவரியில் லீவு, வருகிறேன் என்றான். காமினிக்குக் குழந்தை பிறந்தால் காது குத்துக்கு எப்படியாவது வந்துவிடுகிறேன் என்றான்.

"அதுக்கு நீ எதுக்குத் தம்பி?" என்றாள் அக்கா. அவள் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. காமினிக்குக் கீழே ஒரு தம்பி இருக்கிறான், கூலிமில் தொழிற்சாலையில் வேலை, ராத்திரி வீட்டுக்கு வந்துவிடுகிற வேலை. இனிப் பிறக்கிற பிள்ளைக்கு மடி கொடுக்கவேண்டியவன் அவன்தான். உறவு முறை அப்படித்தான் இறங்கிப் போகும். "இனிமே முறை மாத்தி, காசு குடுத்து, ஓடி வரணும்னு அலையாத. ஒனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான். அதுவும் முடிஞ்சிருச்சு. இனிமே நீ வரலன்னா யாரும் கேக்க மாட்டாங்க. நிம்மதியா இரு."

ஆறுதலாகத்தான் சொன்னாள். அவன் தோளைத் தட்டினாள்கூட.

"சரிக்கா," என்றான்.

காடி வந்தது. உள்ளே இருந்து போட்டோக்காரர் பெண் வீட்டாரை மேடைக்கு வரச்சொல்லி மைக்கில் கூப்பிட்டார். ஜெயலெட்சுமி திரும்பிப் பார்த்தாள். இரண்டாம் தடவையும் கூப்பிட்டார்.

"போக்கா, கூப்புடுறாங்க," என்று அவனே சொன்னான்.

அவள் புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறி உள்ளே ஓடினாள்.